எய்தவன் கடமை
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேட்டை என்னும் சொல் தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. குறிஞ்சித் திணையின் தொழில்களுள் ஒன்றாக அதனைப் பண்டைய புலவர் வைத்தனர். இந்திய மண்ணில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்தது. அதன்பின் அது இங்கே ஏட்டில் வாழும் செய்தியாயிற்று. ஆயின் அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, ஆப்பிரிக்க நாடுகள் பல ஆகியவற்றில் உரிமம் பெற்று காட்டு விலங்குகளை வேட்டையாடுதல் இன்றும் சட்டம் ஒப்பும் செயலாகும். அந்நாடுகளின் வேட்டைக்காரரிடையே, வேட்டையை வெறுப்போர் எழுப்பாமல் வேட்டையை விரும்புவோரே எழுப்பிய வினா ஒன்று உண்டு. விலங்கை எவ்வளவு தொலைவிலிருந்து சுடலாம் என்பதே அவ்வினா.

மேலோட்டமாக நோக்கின் இஃது ஆயுதப் பயிற்சி பற்றிய ஐயமாகத் தோன்றும். ஆழ நோக்கின், ஒரு செயலைச் செய்தவன் அதன் விளைவுக்கு எவ்வளவு அருகில் நிற்க வேண்டும் என்னும் அறவினா அதனுள் இருப்பது புலனாகும்.

தொலைவின் இயல்பு

முன்னைத் தலைமுறை வேட்டைக்காரர் இருநூறு முந்நூறு கெஜத்தைப் பெருந்தொலைவு எனக் கருதினர். இன்றோ ஆயிரம் கெஜத்திலிருந்து சுடுவோர் உளர். ஒளிக்கதிரால் தொலைவை அளந்து சொல்லும் கருவி, காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் கொண்டு குண்டின் போக்கைக் கணக்கிடும் கணிப்பொறி, திருகினால் இலக்கைச் சரிசெய்யும் தொலைநோக்கி ஆகியவை அவர்களுக்குத் துணை நிற்கின்றன. 2013ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று, குண்டு புறப்பட வேண்டிய கணத்தையே கணிப்பொறி முடிவு செய்யும் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கருவி எத்துணை நுட்பமாயினும் இயற்கையின் விதி மாறுவதில்லை. ஆயிரம் கெஜம் என்பது ஏறத்தாழ 914 மீட்டர். வேட்டைத் துப்பாக்கியின் குண்டு அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் அது புவியீர்ப்பால் பல மீட்டர் கீழிறங்கும். குறுக்கே வீசும் மிதமான காற்றே அதனை ஒரு மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியோ ஏறத்தாழ ஒரு சாண் அகலமே உடையது. அந்த ஒன்றரை விநாடியில் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் படும். குண்டு புறப்பட்டபின் மானின் அந்த ஓரடியை எந்தக் கணிப்பொறியாலும் திருத்த இயலாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. வேட்டைக்குரிய குண்டு, உடலுள் புகுந்து விரிந்து விரைவில் உயிர் போக்குமாறு செய்யப்பெற்றது. அவ்வாறு விரிவதற்கு வேகம் வேண்டும். தொலைவு மிக மிக வேகம் குறைகிறது. எனவே இலக்கில் பட்டும் உயிரை உடனே போக்காமல், நெடிய வேதனையை மட்டும் தந்து குண்டு ஊடுருவிச் செல்லக்கூடும்.

சுட்டபின் நிகழ்வது இதனினும் கொடிது. நூறு கெஜத்தில் சுட்டவன் விலங்கு நின்ற இடத்திற்குச் சில நிமிடங்களில் சென்றுவிடுவான். பள்ளத்தாக்கின் அக்கரையில் சுட்டவனோ இறங்கி ஏறி அவ்விடத்தை அடைய ஒரு மணி நேரமும் ஆகலாம். எந்தப் புதரருகே அது நின்றது என்பதையே அவன் தவறவிடக்கூடும். குருதித் துளி விழுந்த இடம் அவன் கண்ணிற்படாது போகலாம். ‘குறி தவறிற்று, மான் பிழைத்தது’ என்று மனநிறைவோடு அவன் திரும்பிவிடுவதும் உண்டு. அதே வேளையில் அந்த மான் ஏதோ ஒரு முட்புதரில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். குறி தவறியதையும் குறை பட்டதையும் பிரித்தறிய முடியாத தொலைவு அது.

பிறர் கொடுத்த விலை

குறைபட்ட குண்டு ஒன்று எத்துணைப் பெரிய துன்பத்தை ஈனும் என்பதற்கு இமயமலைச் சாரலில் ஒரு சான்று உண்டு. சம்பாவத் பகுதியில் திரிந்த பெண்புலி ஒன்றை 1907ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் கொன்றார். நேபாளத்தில் 200 பேரும் குமாவூனில் 236 பேருமாக 436 மனித உயிர்களை அப்புலி குடித்தது என்பது அவர் தரும் கணக்கு. அதன் வாயை ஆராய்ந்தபோது வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியும், கீழ்ப்பல் அடிவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்றும், இயல்பான இரையைப் பற்ற இயலாமையாலேயே அது மனிதரை நாடிற்று என்றும் அவர் எழுதினார்.

அக்குண்டைச் சுட்டவர் யார் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை. எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டார் என்பதும் பதிவில் இல்லை. ஒன்று மட்டும் தெளிவு: தொடங்கிய செயல் முடிக்கப்படவில்லை. புல் அரியவும் விறகு பொறுக்கவும் சென்ற மலைக்கிராமத்துப் பெண்கள் அதற்கு விலை கொடுத்தனர். காயம்பட்ட விலங்கைத் தேடிச் சென்று முடித்தல் வேட்டைக்காரனின் நீங்காக் கடமை என்று அக்காலத்து வேட்டை நூல்கள் வற்புறுத்தியதன் பொருள் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

தொலைவு மற்றொரு தீங்கையும் செய்யும். அதனை அமெரிக்கப் புல்வெளி கண்டது. 1870களில் காட்டெருமையின் தோல் தொழிற்சாலைப் பட்டைகளுக்குப் பயன்பட்டது. தோல் வேட்டைக்காரர் காற்று எதிர்முகமாக வீசும் பக்கத்தில், தொலைவில் படுத்து, கனத்த துப்பாக்கியால் மந்தையின் தலைமைப் பசுவை முதலில் சுடுவர். மனித வாடையும் இல்லை, உருவமும் இல்லை. ஆதலின் எங்கிருந்து சாவு வருகிறது என்று அறியாமல் ஏனையவை அங்கேயே நின்று வீழ்ந்தவளை முகர்ந்துகொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வீழ்த்துவர். கோடிக்கணக்கில் இருந்த அவ்வினத்தில் 1889ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்னடே எடுத்த கணக்கின்படி எஞ்சியவை 1,091 மட்டுமே.

காட்டெருமைக்கு இயற்கை தந்த அரண்கள் மோப்பமும் செவியும் கூட்டமாக ஓடும் ஆற்றலும் ஆகும். தொலைவு அம்மூன்றையும் ஒருசேரப் பறித்தது. அவ்வழிவின் நிழலில்தான் 1887ஆம் ஆண்டில் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்டு கிரின்னெலும் பூன்–கிராக்கெட் கழகத்தைத் தோற்றுவித்தனர். விலங்கு தப்புவதற்கு உண்மையான வாய்ப்பை விட்டு வைத்து வேட்டையாடுவதே நேரிய வேட்டை என்னும் கொள்கையை அது பரப்பிற்று. தன் கருவியின் எல்லையைச் சோதிப்பதற்காக உயிருள்ள விலங்கை இலக்காக்குவோர் செய்வது வேட்டையே அன்று என்பது நெடுந்தொலைவுச் சுடுதல் பற்றி அக்கழகம் பின்னாளில் வெளியிட்ட நிலைப்பாடு. இத்தனை கெஜத்திற்கு மேல் கூடாது என்று அது எண் எதனையும் வகுக்காமல் சுடுவோனின் நோக்கத்தையே அளவுகோலாக்கியமை ஈண்டுக் கருதத்தக்கது. ஆயிரம் கெஜத்தில் நிற்கும் விலங்கு மனிதன் அருகில் இருப்பதையே அறியாது. குண்டு ஒலியினும் விரைந்து வருவதால் வெடியோசை கேட்கும் முன்னரே அது அடிபட்டுவிடுகிறது.

மறுப்பும் அதன் வலிமையும்

இதற்கு மறுப்புரைப்போர் கூற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அருகில் நிற்றல் தானே அறமாகிவிடுமா என்று அவர்கள் வினவுகின்றனர். 2015ஆம் ஆண்டில் ஜிம்பாப்வே நாட்டில் சிசில் என்னும் சிங்கம் அம்பால் எய்யப்பட்டது. அது துப்பாக்கிக் குண்டன்று, தொலைவும் பெரிதன்று. எனினும் புண்பட்ட அச்சிங்கம் பல மணி நேரம் துன்புற்று மறுநாளே கொல்லப்பட்டது. இனி, 1902ஆம் ஆண்டில் மிசிசிப்பிக் காட்டில் நிகழ்ந்ததையும் காட்டலாம். வேட்டை நாய்களால் களைத்து மரத்தில் கட்டப்பட்டிருந்த கரடியைச் சுடுமாறு குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடம் கூறினர். கைக்கெட்டும் தொலைவு. குறி தவறவே தவறாது. அவரோ மறுத்தார். அச்செய்தி கேலிச்சித்திரமாகி, உலகக் குழந்தைகள் கையில் ‘டெடி’ கரடிப் பொம்மையாகத் தவழ்கிறது. அந்தக் கரடி காயமுற்றிருந்தமையால் அதன் துன்பத்தை முடிக்குமாறு அவர் பணித்தார் என்னும் பின்பகுதியைப் பொம்மை சொல்வதில்லை.

ஆகவே தொலைவு தீது, அண்மை நன்று என்னும் எளிய வாய்பாடு நில்லாது. மறுப்பாளர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர். ஈட்டிக்காரனுக்கு வில் நெடுந்தொலைவுக் கருவி. வில்லாளிக்குத் துப்பாக்கி நெடுந்தொலைவுக் கருவி. எந்தப் படியில் நின்று கோடு கிழிப்பது என்பது அவர்தம் வினா. பயிற்சிமிக்கவன் நானூறு கெஜத்தில் சுடுவது, பயிற்சியற்றவன் நாற்பது கெஜத்தில் சுடுவதினும் இரக்கமுடையது என்றும் கூறுகின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கோட்டைக் கெஜக்கோலால் கிழிக்க இயலாது என்பது இதனால் பெறப்படுகிறது.

பின்தொடர்தல் என்னும் அறம்

அங்ஙனமாயின் எதனால் கிழிப்பது? இவ்விடத்தில் தமிழ் அகப்பொருள் மரபு எதிர்பாராத ஒளியைத் தருகிறது. ‘கெடுதி வினாதல்’ என்பது அம்மரபில் ஒரு துறை. தலைவன் தினைப்புனத்திற்கு வந்து, தன்னிடமிருந்து தப்பிய யானையோ மானோ இவ்வழி வந்ததுண்டா எனத் தலைவியையும் தோழியையும் கேட்கிறான். தலைவியைக் காண வந்தவன் கூறும் பொய் அது என்பதைத் தோழியும் அறிவாள், கற்போரும் அறிவர். ஆயினும் ஒரு பொய் சாக்காகப் பயன்பட வேண்டுமானால் உலகியலில் அது நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். எய்தவன் தான் எய்த விலங்கைத் தேடி ஊர் ஊராக வருவான் என்பது அக்குறிஞ்சி நிலத்தின் இயல்பான நடைமுறை. அது நடைமுறையாக இருந்தமையால்தான் அந்தப் பொய் செல்லுபடியாயிற்று. வேட்டுவனின் கடமை ஒன்றை, அறநூல் விதியாகக் கூறாமலே காதல் துறை காத்து வைத்திருக்கிறது.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை உயர்வாகப் போற்றுகிறது. முயற்சியின் பெருமையைக் கூறும் குறளாகவே அதனை உரைப்பர். அதனுள் மற்றொரு பொருளும் உண்டு. வேல் தவறினால் யானை எறிந்தவன் மேலேயே பாயும். தவற்றின் விலையை எறிந்தவனே தருகிறான். ஆயிரம் கெஜத்தில் தவறுவோனுக்கு இழப்பு ஒரு தோட்டா மட்டுமே. எஞ்சிய விலை முழுவதையும் விலங்கு தருகிறது. கருவி மேம்பட மேம்படக் குறி தவறும் வாய்ப்புக் குறைந்ததெனக் கொண்டாலும், தவறினால் துன்புறுவது யார் என்பது முற்றிலும் இடம் மாறிவிட்டது.

இராமகாதையில் தசரதன் ஒலி கேட்டு எய்கிறான். யானை நீர் குடிக்கும் ஓசை எனக் கருதிக் கண்ணால் காணாது விட்ட கணை, குடத்தில் நீர் முகந்த இளைஞனை வீழ்த்தியது. அப்பிழைக்கு விளக்கம் இல்லை. ஆயினும் அவன் இருளில் திரும்பி ஓடவில்லை. வீழ்ந்தவன் அருகே சென்றான், கண்ணிழந்த பெற்றோரிடம் தானே நீர் கொண்டு சென்றான், சாபத்தையும் ஏற்றான். காணாமல் எய்தது குற்றம். சென்று கண்டதே அவனிடம் எஞ்சிய மனிதத்தன்மை.

அமெரிக்க வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் வாழ்விலும் இத்தகைய திருப்பம் உண்டு. இளம் வன அலுவலராக இருந்தபோது அவரும் உடனிருந்தோரும் பாறை விளிம்பிலிருந்து கீழே ஓநாய்க் கூட்டத்தை நோக்கிச் சுட்டுத் தள்ளினர். பின்னர் அவர் இறங்கிச் சென்றார். முதிய ஓநாயின் கண்ணில் ஒளி அணைவதை நேரிற் கண்டார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டை சிறக்கும் என்னும் அவருடைய நம்பிக்கை அங்கே ஆட்டங்கண்டது. 1949ஆம் ஆண்டில், அவர் மறைந்த மறு ஆண்டில், வெளிவந்த நூல் இதனைக் கூறுகிறது. அவர் மேலேயே நின்றுவிட்டிருந்தால் சூழலியல் சிந்தனையின் பெருநூல்களுள் ஒன்று இவ்வடிவில் தோன்றியிராது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. உறுதியாக உயிர் போக்கவும், தவறினால் தவறியதை அறியவும், உடனே பின்தொடர்ந்து துன்பத்தை முடிக்கவும் ஒருவனால் எவ்வளவு தொலைவில் இயலுமோ அதுவே அவனுக்கு ஒப்பிய தொலைவு. அஃது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள், காற்றுக்குக் காற்று மாறும். சிலருக்கு அது முந்நூறு கெஜம். பலருக்கு நூறு கெஜம். கை நடுங்கும் நாளில் எவருக்கும் எதுவுமில்லை.

சட்டமும் மனச்சான்றும்

சட்டம் இதனை ஓரளவே காக்கும். அமெரிக்காவின் இடாகோ மாநிலம் பதினாறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியைப் பெருவிலங்கு வேட்டைக்கு விலக்கியது. நெடுந்தொலைவுக்கென்றே செய்யப்பெற்ற கனத்த கருவிகளுக்கு அது தடை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், குருதி சிந்தித் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். செருமனியில் காயம்பட்ட விலங்கை மோப்ப நாய் கொண்டு தேடுதல் வேட்டை அறத்தின் இன்றியமையாக் கூறு. வீழ்ந்த விலங்கின் வாயில் பசுந்தழை ஒன்றை இறுதிக் கவளமாக வைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அருகே செல்லாதவனால் அத்தழையை வைக்க இயலாது.

தொலைவின் இறுதி எல்லையையும் அமெரிக்கா கண்டது. வீட்டில் அமர்ந்து கணிப்பொறியின் விசையை அழுத்தி, வேறோர் ஊரில் நிறுத்தப்பட்ட துப்பாக்கியால் விலங்கைச் சுடும் வணிகம் ஒன்று டெக்சாஸில் தோன்றியது. வேட்டையை வெறுப்போரும் வேட்டையாடுவோரும் ஒருசேர அதனை எதிர்த்தனர். 2005ஆம் ஆண்டில் அம்மாநிலம் அதனைத் தடை செய்தது. வேறு பல மாநிலங்களும் தொடர்ந்தன. எந்த இடத்தில் வேட்டை கொலையாகத் தேய்கிறது என்பதை இருசாராரும் ஒருமித்து உணர்ந்த தருணம் அது.

ஆயின் மலைச்சரிவில் தனித்து நிற்பவனைச் சட்டம் காண்பதில்லை. வேட்டைக்காரனுக்குக் கைதட்டவோ கண்டிக்கவோ அவையோர் இலர். அவன் மனச்சான்றே அவனுக்கு நடுவர் என்பது லியோபோல்டின் கருத்து. மனிதன் தன் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்தாமல் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும்போதுதான் வேட்டை என்பது வேட்டையாக இருக்கிறது என ஸ்பானிய மெய்யியலார் ஒர்த்தேகா இ காசெத் 1942ஆம் ஆண்டில் வாதிட்டார். இருவரும் வேட்டையை விரும்பியவர்களே. அவர்களுடைய சொல் அதனாலேயே எடை மிகுந்தது.

பாடுவோர் பொறுப்பு

கவிஞர் கூடிய அவையில் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வேட்டைக்குப் புகழ் தந்தவர்கள் கவிஞர்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பால் ஊடுருவிய வல்வில் ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். வில்லின் ஆற்றலைக் கேட்டு வியப்போர் அப்பாட்டின் பின்பகுதியை மறந்துவிடுகின்றனர். பசித்து வந்த பாணர் கூட்டத்துக்கு அவன் இறைச்சியும் கள்ளும் பொன்னும் வழங்கினான். தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தபோது நாணினான். எட்டிய தொலைவைச் சொல்லித் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் இன்றைய வேட்டைக்காரனுக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அந்த நாணத்தில் இருக்கிறது.

இன்று தொலைக்காட்சியும் ஒளிப்படக் கருவியும் பாணரின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. எத்தனை கெஜம் என்னும் எண்ணையே அவை பாடுகின்றன. எண் பாடப்படும்போது எண்ணைப் பெருக்குவோர் பெருகுவர். இறங்கிச் சென்று தேடியவனை யாரும் படம்பிடிப்பதில்லை. காற்று மாறியதை உணர்ந்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியவனுக்குப் பாட்டே இல்லை. வேட்டை உள்ளவரை அவ்விருவரே அந்நிலத்தின் சான்றோர். பாட்டுடைத் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்றும் புலவரிடமே இருந்துவந்துள்ளது. எய்யாமல் விட்ட அம்பையும், எய்தபின் குருதித் தடம் பார்த்து நடந்த கால்களையும் பாடுவதற்கு ஒரு துறை இன்னும் வகுக்கப்படவில்லை. அதனை வகுப்பது கவிஞர் கடன்.